தெருவுக்குப் பெயர் எதற்கு?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழாவில் நான் பேச வேண்டும் என்று செயலாளர் அழைத்தபோது எனக்கு வியப்பாகவே இருந்தது. கம்பனையும் குறளையும் பற்றிப் பேசுவதற்கு நம் காலனியிலேயே கற்றறிந்தவர்கள் பலர் இருக்க, தபால் பிரித்தே தலை நரைத்த என்னை எதற்கு அழைக்கிறீர்கள் என்று கேட்டேன். "உமக்குத் தெரிந்ததைப் பேசும்" என்று சுருக்கமாக முடித்துவிட்டார். எனக்குத் தெரிந்தது முகவரி ஒன்றுதான். 1971 ஆம் ஆண்டு மதுரையிலிருந்து இத்தில்லி மாநகருக்கு வந்து, 37 ஆண்டுகள் உறைகளின் மேலே எழுதியிருந்த முகவரிகளைப் படித்து, அவற்றை உரிய கட்டத்தில் போட்டுக்கொண்டிருந்தவன் நான். ஆகவே தெருப்பெயர்களைப் பற்றியும், அவை மாறுவதைப் பற்றியும் சிறிது பேச எண்ணுகிறேன்.

மதுரைக்காரனுக்குத் தெருப்பெயர் என்றால் ஒரு தனி எண்ணம் உண்டு. கோயிலுக்குள்ளே ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி. அதற்கப்பால் ஆவணி மூல வீதி. அதற்கும் அப்பால் மாசி வீதி. ஒவ்வொன்றிலும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என நான்கு. இந்தப் பெயர்களைக் கேட்டவுடன் கோயிலிலிருந்து எவ்வளவு தொலைவில், எத்திசையில் நிற்கிறோம் என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கிவிடும். பெயரே வழிகாட்டியாக நிற்கும் ஊர் அது. யாரையும் பெருமைப்படுத்துவதற்காகவோ சிறுமைப்படுத்துவதற்காகவோ எழுந்த பெயர்கள் அல்ல அவை.

புது தில்லி அவ்வாறு எழுந்த நகரமன்று. 1911 ஆம் ஆண்டு தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக அறிவித்து, 20 ஆண்டுகள் பாடுபட்டுக் கட்டி, 1931 இல் திறந்து வைத்தார்கள். சாலைகளுக்குப் பெயரிட வேண்டிய வேளை வந்தபோது, ஆங்கில ஆட்சியாளர் தம் அரசர் குடும்பத்தையும், வைசிராய்களையும், படைத்தலைவர்களையும் வரிசையாக நிறுத்தினர். நடுவிலே அசோகரும் பிருதிவிராஜரும் அக்பரும் ஔரங்கசீப்பும் இடம் பெற்றார்கள். சாலைகளைக் கொண்டே வரலாற்றுப் பாடம் நடத்திவிடலாம் என்று எண்ணினார்கள் போலும்!

விடுதலைக்குப் பின்னர் அந்தப் பெயர்ப் பலகைகளை அப்படியே வைத்திருக்க முடியுமா? கிங்ஸ்வே ராஜபாதையாயிற்று, குவீன்ஸ்வே ஜனபத் ஆயிற்று. கர்சன் சாலை அன்னை கஸ்தூரிபா பெயரைப் பெற்றது. அண்ணல் காந்தியடிகள் உயிர் நீத்த பிர்லா மாளிகை இருந்த அல்புகர்க் சாலைக்கு ஆள் பெயர் எதுவும் வைக்காமல், அந்தக் கொடிய நாளையே பெயராக வைத்தார்கள்: தீஸ் ஜனவரி மார்க், அதாவது ஜனவரி 30 சாலை. இந்நகரில் வைத்த புதுப்பெயர்களுள் என் உள்ளத்தை மிகவும் உருக்கியது அதுவே. அதற்கு விளக்கவுரை எதுவும் வேண்டியதில்லை.

நம்மவர்க்கும் இதில் பங்கு உண்டு. கிளைவ் சாலை தியாகராஜ மார்க் ஆயிற்று. 1751 இல் ஆர்க்காட்டை முற்றுகையிட்டவர்களை எதிர்த்து நின்று பெயர் பெற்றவன் கிளைவ். அடுத்த தலைமுறையிலே திருவையாற்றில் உஞ்சவிருத்தி எடுத்துப் பாடியவர் தியாகராஜர். ஆர்க்காட்டில் பெயர் பெற்றவன் போய்த் திருவையாற்றுக்காரர் வந்தார் என்பதை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், மகிழ்ச்சியும் வரும். ராஜாஜிக்கும் காமராசருக்கும் சாலைகள் உண்டு. கார்ன்வாலிஸ் சாலையோ சுப்பிரமணிய பாரதி மார்க் ஆயிற்று. அந்தக் கார்ன்வாலிஸ் சாலையைப் பற்றி நான் உங்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும்.

1983 ஆம் ஆண்டு ஜனவரி மாதம். அப்போது நாங்கள் அரசாங்க ஊழியரான என் தமையனாரின் குவார்ட்டரில், அந்தச் சாலையின் பக்கத்தில் குடியிருந்தோம். என் மனைவிக்குத் தலைப்பிரசவம். மருத்துவர் சொன்ன நாளுக்கு முன்பே வலி கண்டுவிட்டபடியால் மருத்துவமனையில் சேர்த்தேன். அவளுடைய தாய் தந்தையர் மதுரையிலிருந்து முன்னமே புறப்பட்டுவிட்டார்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் மறுநாள் காலையில் வந்து இறங்க வேண்டும். மனைவியை விட்டு நான் நகர இயலவில்லை. தமையனாரோ அலுவல் காரணமாக வெளியூர் சென்றிருந்தார். முகவரியைத்தான் முன்பே கடிதத்தில் எழுதியிருக்கிறோமே, ஆட்டோ பிடித்து வந்துவிடுவார்கள், அண்டை வீட்டார் மருத்துவமனைக்கு அழைத்து வருவார்கள் என்று நம்பியிருந்தேன்.

அந்த முகவரியிலே நான் எழுதியிருந்தது கார்ன்வாலிஸ் சாலை என்று. வேலைக்கு வந்த புதிதில் எனக்குத் தொழில் கற்பித்த மூத்தவர்கள் அப்பெயரைத்தான் சொல்லுவார்கள். அது நாவில் ஒட்டிக்கொண்டது. பெயர் மாறியிருந்தது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பழைய பெயரோடு வரும் உறையையும் புதிய பெயரோடு வரும் உறையையும் ஒரே கட்டத்தில் போடுகிறவன் நான். இரண்டும் எனக்கு ஒன்றே. அதுதான் என் குற்றம்.

பனி மூட்டத்தால் வண்டி தாமதமாக வந்தது. என் மாமனார் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், இந்தி அறியாதவர். கடிதத்தைப் பார்த்து அவர் சாலையின் பெயரைச் சொல்ல, அதை ஒருபோதும் கேட்டிராத இளம் ஆட்டோக்காரர் முதல் ஓசையை மட்டும் பிடித்துக்கொண்டு, நேரே கன்னாட் பிளேஸில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். அந்த இடம் எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். வட்டமாகத் தூண்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே தூண்கள். கையிலே முறுக்குத் தூக்கும், பிரசவ மருந்துப் பொட்டலமும், போர்வையுமாக அவ்விருவரும் அந்த வட்டத்தையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள். கேட்டவர்களில் ஒருவருக்கும் அந்தச் சாலை தெரியவில்லை. முடிவில் வயதான தபால்காரர் ஒருவர் கடிதத்தை வாங்கிப் பார்த்து, "இது பாரதி மார்க் அல்லவா?" என்று சொல்லி, வேறோர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். அவர் யார் என்பதை இன்றுவரை நான் அறியேன்.

அவர்கள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது என் மனைவியை அறுவைச் சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. உள்ளே போகும்போது அவள் என்னிடம் கேட்டது ஒன்றே: "அம்மா வந்துவிட்டாளா?" வந்துகொண்டிருக்கிறார்கள் என்றேன். கதவு மூடும் வரையில் அவள் தாழ்வாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறையருளால் தாயும் சேயும் நலமாக இருந்தார்கள். அன்று பிறந்தவள் இன்று இந்த அரங்கிலே மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறாள். ஆனால் மாமனார் மாலையில் என்னைத் தனியே அழைத்தார். மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியிலே படித்தவர் அவர். 1904 இல் பாரதியார் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த பள்ளி அது. அந்தப் பெருமை அவருக்கு மிகுதி. "மாப்பிள்ளை, பாரதியார் பெயர் இருக்கும்போது அந்த வெள்ளைக்காரன் பெயரையா எழுதி அனுப்பினீர்கள்? அதைச் சொல்ல என் வாய் வரவில்லை. பாரதி என்று எழுதியிருந்தால் தில்லி முழுவதும் கேட்கும்படி கூவியிருப்பேனே" என்றார். நான் தலை குனிந்து நின்றேன்.

அன்பர்களே, அன்று எனக்கு ஒன்று விளங்கியது. கடிதத்துக்குப் பிரிப்பவன் ஒருவன் இருக்கிறான்; பழைய பெயரானாலும், பிழையான எழுத்தானாலும், அவன் தன் நினைவைக் கொண்டு அதைக் கரை சேர்த்துவிடுவான். 1972 ஆகஸ்டு 15 அன்று ஆறு இலக்கப் பின் எண்ணைக் கொண்டுவந்ததும் இதற்காகத்தான். ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் பல எழுத்து. இந்தக் குழப்பத்தைத் தாண்டி, 11 என்று தொடங்கினால் தில்லி, 625 என்று தொடங்கினால் மதுரைப் பகுதி என்று உறை தன் வழியைத் தானே சொல்லிக்கொள்ளும். என் கடிதத்திலும் பின் எண் இருந்தது. ஆட்டோக்காரருக்கு அதனால் என்ன பயன்? ரயிலிலிருந்து இறங்கி நிற்கும் மனிதனைப் பிரித்து அனுப்ப யாரும் இல்லை. ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தெருப்பெயர் தேவையே இல்லை. அவன் ஆலமரத்தையும் பால் கடையையும் அடையாளம் வைத்து நடப்பான். பெயர்ப் பலகை அயலூரானுக்காக நிற்பது. நம்மைப் போல் பிழைப்பைத் தேடி வந்தவர்களுக்கும், நம்மைத் தேடி வருகிறவர்களுக்கும் உரியது அது. அப்படியிருக்க, பெயரை மாற்றுகிறவர்கள் மறைந்தவரின் பெருமையை எண்ணுகிறார்களே அல்லாமல், வழி கேட்டு நிற்பவனை எண்ணுவதில்லை.

அந்தப் பெருமையாவது நிலைக்கிறதா என்றால், அதுவும் ஐயமே. 1995 இல் கன்னாட் பிளேஸுக்கு ராஜீவ் சௌக் என்று பெயர் சூட்டினார்கள். பத்தாண்டு வரை அதை யாரும் வாயில் எடுக்கவில்லை. 2005 இல் மெட்ரோ ரயில் நிலையம் அப்பெயரோடு திறந்தது. ரயிலில் நாள்தோறும் ஒலிபெருக்கி கூவக் கூவ, இளைஞர்கள் அதைக் கற்றார்கள். ஆயினும் அதே இளைஞர்கள் படியேறி மேலே வந்தவுடன் சி.பி. என்கிறார்கள்! நிலத்துக்குக் கீழே ஒரு பெயர், மேலே ஒரு பெயர். மின்டோ பாலத்துக்குச் சிவாஜி பாலம் என்று பெயர் மாறி எத்தனையோ காலம் ஆயிற்று. மழைக்காலத்தில் அங்கே வெள்ளம் தேங்கிப் பேருந்து முழுகினால், செய்தித்தாள் மின்டோ பாலம் என்றே எழுதுகிறது. ராஜபாதை 2022 செப்டம்பரில் கர்த்தவ்ய பத் ஆயிற்று. நூறாண்டுக்குள் அந்த ஒரே பாதைக்கு மூன்று பெயர்கள்.

இன்னொரு விந்தையும் உண்டு. யாரைப் போற்றிப் பெயரிட்டோமோ, அவரையே எழுத்துகளாக நறுக்கிவிடுகிறோம். அன்னை கஸ்தூரிபா இன்று கே.ஜி. மார்க். கல்கத்தாவிலே டல்ஹௌசி சதுக்கத்துக்கு, 1930 டிசம்பர் 8 அன்று ரைட்டர்ஸ் கட்டடத்துக்குள் நுழைந்து துப்பாக்கி தூக்கிய பினய், பாதல், தினேஷ் என்னும் மூன்று இளைஞர்களின் பெயரை இட்டார்கள். மக்கள் நாவிலே அது பி.பி.டி. பாக். உயிரைக் கொடுத்தவர்களுக்கு ஆளுக்கோர் எழுத்து! அதே நகரில் அமெரிக்கத் துணைத் தூதரகம் இருந்த ஹாரிங்டன் தெருவுக்கு, வியத்நாம் போர் நடந்த காலத்திலே ஹோ சி மின் பெயரைச் சூட்டினார்கள். தூதரகத்தார் தம் கடிதத் தாளில் எல்லாம் அப்பெயரையே அச்சிட வேண்டியதாயிற்று. அதை எண்ணி நான் சிரித்ததுண்டு. தெருவுக்குப் பெயர் வைப்பதிலும் குறும்பு இருக்கிறது.

பெயரே மாற்றக்கூடாது என்பது என் கட்சியன்று. தான் குடியிருக்கும் தெருவின் பெயரே ஒருவனை இழிவு செய்யுமானால், அதை ஒரு நாளும் விட்டுவைக்கலாகாது. நம் தமிழ்நாட்டிலே சாதிப் பெயர் தாங்கிய தெருக்களை மாற்ற முயல்வது நியாயமே. 2015 ஆகஸ்டில் ஔரங்கசீப் சாலைக்கு அப்துல் கலாம் பெயரை இட்டபோது இந்நகரில் வாதம் பெரிதாக எழுந்தது. இராமேசுவரத்துப் பிள்ளைக்குத் தலைநகரிலே சாலை என்று நம்மவர் பலர் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன். ஆனால் அவருக்குப் புதிதாக ஒரு சாலை போட்டுப் பெயரிட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். நகரம் நாற்புறமும் வளர்கிறது. பெயரே இல்லாமல் எண்ணும் எழுத்துமாகக் கிடக்கும் தெருக்களுக்கு இங்கே பஞ்சமில்லை. மாற்றியே ஆக வேண்டுமானால், ஒரு தலைமுறைக் காலம் பழைய பெயரையும் பலகையின் கீழே சிறிய எழுத்தில் விட்டு வைக்கட்டும். அதனால் பாரதியின் பெருமை குறைந்துவிடாது. மாமனார்கள் வழி தவற மாட்டார்கள்.

நகராட்சி மன்றத்தார் என் பேச்சைக் கேட்கப் போவதில்லை. சங்கத்தார் கேட்கலாம். நம் ஆண்டு மலரின் கடைசிப் பக்கங்களிலே உறுப்பினர்களின் முகவரிப் பட்டியல் வருகிறதே, அதில் சாலையின் இன்றைய பெயரை முழுமையாக, எழுத்தெழுத்தாக நறுக்காமல் அச்சிடுங்கள். பக்கத்திலே பழைய பெயரையும் போடுங்கள். ஊரிலிருந்து வருகிற பெரியவர்கள் இந்த மலரைக் கையில் வைத்துக்கொண்டு ரயிலடியில் இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால், கண் கொஞ்சம் மங்கினாலும் பழைய கட்டங்கள் எல்லாம் இன்னும் என் நினைவில் இருக்கின்றன. செயலாளர் அவர்கள் நாளை மாலையே பட்டியலை என் வீட்டுக்கு அனுப்பி வைக்கலாம்.