செங்கோட்டை மருமகள்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



ஆண்டு விழா என்றால் சாதனைப் பெண்மணி ஒருத்தரைப் பற்றி யாராவது பேசணும் என்பது நம்ம வழக்கம். ஜான்சி ராணி, அன்னை தெரசா, கல்பனா சாவ்லா எல்லாரையும் பேசியாச்சு. பெரியவங்கதான், இல்லைன்னு சொல்லல. ஆனா நமக்குத் தூரத்துல இருக்கிறவங்க. இந்தத் தடவை பக்கத்துல இருக்கிற ஒருத்தரைப் பற்றிப் பேசுறேன். கொடுமுடியில் பிறந்து, நம்ம செங்கோட்டைக்கு மருமகளான கே.பி. சுந்தராம்பாள் அம்மா.

பேரைச் சொன்னா சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிபடாது. முகத்தைச் சொன்னா தெரியும். திருவிளையாடல் படத்துல, பழம் கிடைக்கலன்னு கோபிச்சுக்கிட்டு மலையேறிப் போன முருகனைச் சமாதானப்படுத்த வர்ற ஔவைப் பாட்டி அவங்கதான். தைப்பூசத்துக்குக் கோயில் ஸ்பீக்கர்ல விடியக்காலையில முதல்ல கேக்கிறதும் அநேகமா அவங்க குரலாத்தான் இருக்கும்.

அவங்க 1908-இல் பிறந்தவங்க. அப்பா சீக்கிரமே போயிட்டார். அம்மா பேர் பாலாம்பாள். பிள்ளைகளை வச்சுக்கிட்டு அந்த அம்மா பட்ட பாட்டை நான் விவரிக்க வேண்டாம், இங்கே பாதிப் பேருக்கு அது சொந்தக் கதை. கொடுமுடி, ஈரோட்டுக்கும் கரூருக்கும் நடுவுல ரயில் பாதையில இருக்கிற ஊர். சுந்தராம்பாள் சின்னப் பிள்ளையா ரயில்ல பாட்டுப் பாடிக் காசு வாங்கினாங்க. அதுதான் அவங்க முதல் வேலை. அந்தக் குரலைக் கேட்டவங்க மூலமா வேலு நாயர் நாடகக் கம்பெனியில சேர்ந்தாங்க. நல்லதங்காள் நாடகத்துல பசிக்குதுன்னு அழுது பாடுற பிள்ளை வேஷம் கொடுத்தாங்களாம். பசியோட வந்த பிள்ளைக்குப் பசிக்கிற வேஷம்! நடிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

அப்புறம் கம்பெனியோட கப்பலேறி இலங்கைக்குப் போனாங்க. கொழும்புல அவங்க நாடகத்துக்கு நல்ல பேர். அங்கேதான் நம்ம ஊர்க்காரர் வர்றார், எஸ்.ஜி. கிட்டப்பா. எஸ் என்றால் செங்கோட்டை. (அப்போ செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜாவோட சீமையில இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோட சேர்ந்தது. இது நம்ம பிள்ளைகளுக்குத் தெரியட்டும்னு சொல்றேன்.) மைக் இல்லாத காலத்துல, கடைசி வரிசையில உட்கார்ந்திருக்கிறவனுக்கும் கேக்கிற மாதிரி பாடினவர் கிட்டப்பா. ரெண்டு பேரும் சேர்ந்து மேடையேறினா கூட்டம் தாங்காது. 1927-இல் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க.

கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது. சுந்தராம்பாள் அம்மா அவருக்கு எழுதின கடிதங்கள் பின்னால வெளியே வந்தன. வரலியே, பாக்கலியேன்னு ஒரு பொம்பளை ஏங்குற ஏக்கம் அதுல இருக்கு. பிறந்த குழந்தையும் தங்கல. கிட்டப்பா பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன், அதுக்கு எனக்கு வாய் கிடையாது. அவர் குடும்பம் நடத்தின விதத்துக்கு மட்டும் என்னை மார்க் போடச் சொன்னா பாஸ் மார்க் போட மாட்டேன். செங்கோட்டைக்காரங்க யாராவது இருந்தா கோவிச்சுக்காதீங்க.

1933 டிசம்பர் 2-ஆம் தேதி கிட்டப்பா இறந்துட்டார். அவருக்கு வயசு 27. இந்த அம்மாவுக்கு 25.

25 வயசு என்றால் என்னன்னு யோசிச்சுப் பாருங்க. நம்ம குழுவுல புதுசா சேர்ந்த பிள்ளைகளோட வயசு. அந்த வயசுல வெள்ளைச் சேலை கட்டினாங்க. நகையைக் கழட்டினாங்க. இனிமே எந்த ஆம்பிளையோடயும் ஜோடி போட்டு நடிக்க மாட்டேன்னு ஒரு சபதம் எடுத்தாங்க. சாகுற வரைக்கும், 1980 வரைக்கும், அதை மாத்தல.

ஜோடியா நடிக்கிறதுதான் அவங்க தொழிலே. அதை விட்டுட்டா வயித்துக்கு என்ன வழி? எல்லாரும் இதோட முடிஞ்சதுன்னுதான் நெனச்சிருப்பாங்க.

ரெண்டே வருஷத்துல, 1935-இல், பக்த நந்தனார்னு ஒரு படம் வந்தது. அதுல நந்தனாரே இந்த அம்மாதான். ஆம்பிளை வேஷம். கூட நடிச்சது மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர், பெரிய சங்கீத வித்வான், அவருக்கு வேதியர் வேஷம். ஜோடி கிடையாது, சபதமும் உடையல. சாமியைப் பார்க்கணும்னு தவிக்கிற ஒரு ஏழைப் பண்ணையாளா நின்னு பாடினாங்க. சம்பளம் எவ்வளவு தெரியுமா? ஒரு லட்சம் ரூபாய். நடிக்க இஷ்டமில்லாம, இவ்வளவு கேட்டா ஓடிப்போயிருவாங்கன்னு நெனச்சுக் கேட்டாங்களாம், அவங்க சரின்னு ஒத்துக்கிட்டாங்களாம். அந்தக் காலத்துல ஒரு பவுன் நூறு ரூபாய்க்கும் கீழே. மீதிக் கணக்கை நம்ம பொருளாளர் அக்கா போட்டுச் சொல்லட்டும்.

எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். நாம சாமி கும்பிடுறோம். பண்பொழி திருமலைக்கோவிலுக்குப் படியேறிப் போறோம், இலஞ்சிக் குமாரருக்கு நேர்ந்துக்கிறோம், குற்றாலநாதரைக் கும்பிட்டுட்டு வர்றோம். ஆனா கூலி பேசுற இடத்துல வாய் திறக்க மாட்டோம். ‘கொடுக்கிறதைக் கொடுங்க, சாமி பாத்துக்கும்’னு வந்துருவோம். சுந்தராம்பாள் அம்மா நம்மளை விடப் பெரிய முருக பக்தை. ஆனா சம்பளத்தை முருகன் பேசட்டும்னு விடல. அவங்களே பேசினாங்க.

1940-இல் மணிமேகலை. அதுக்கப்புறம் பதிமூணு வருஷம் பெரிசா படம் கிடையாது. சும்மா இருக்கல. கச்சேரி பண்ணினாங்க, காங்கிரஸ் மேடையில சத்தியமூர்த்தி அவர்களோட போய் சுதந்திரப் பாட்டுப் பாடினாங்க, கதர் கட்டினாங்க. காந்தி அவங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தப்ப தங்கத் தட்டுல பரிமாறினதாகவும், அந்தத் தட்டையே நன்கொடையா கொடுத்ததாகவும் சொல்லுவாங்க. ஐம்பதுகள்ல சென்னை மேலவைக்கு எம்.எல்.சி. ஆகிப் போனாங்க. ரயில்ல பாடின பிள்ளை சட்டசபையில உட்கார்ந்தது.

1953-இல் ஜெமினி வாசன் எடுத்த ஔவையார் வந்தது. ஔவையார் கதை நமக்குத் தெரியும். கல்யாணம் வேண்டாம்னு பிள்ளையார் கிட்டக் கேட்டு, இளமையைக் கொடுத்துட்டுக் கிழவியா மாறி, ஊர் ஊரா நடந்து, ராஜாக்களுக்கே புத்தி சொன்னவங்க. இந்த அம்மாவும் 25 வயசுல இளமையைத் தூக்கி வச்சவங்கதானே. நடிச்சப்போ வயசு 45 கூட நிறையல. ஆனா தமிழ்நாட்டுல ஔவையார்னு கண்ணை மூடினா இவங்க முகம்தான் வருது.

1964-இல் பூம்புகார். கலைஞர் கருணாநிதி வசனம் எழுதினது. இவங்களுக்குக் கவுந்தியடிகள் வேஷம், சமணத் துறவி. தெய்வம் எங்கே போயிருச்சுன்னு கேக்கிற மாதிரி ஒரு பாட்டு வரி இருந்ததாம். இந்த அம்மா அதைப் பாட மாட்டேன்னுட்டாங்க. எழுதினவர் சாமி நம்பிக்கை இல்லாதவர், பாடுறவங்க சாமியைத் தவிர வேற தெரியாதவங்க. கடைசியில தெய்வம் வந்தாச்சுன்னு பொருள் வர்ற மாதிரி வரியை மாத்தின பிறகுதான் பாடினாங்கன்னு சொல்லுவாங்க. ரெண்டு பேருமே முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போகல பாருங்க. வேலையும் நடந்தது, நம்பிக்கையும் நின்னது. நம்ம குழுக் கூட்டத்துல ஒரு தவணைக்காக மூணு மாசம் பேசாம இருக்கிறவங்களை நெனச்சுக்கிட்டேன். யாருன்னு சொல்ல மாட்டேன்.

துணைவன் படத்துல பாடினதுக்குச் சிறந்த பாடகின்னு தேசிய விருது. 1970-இல் பத்மஸ்ரீ. சொந்த ஊர்ல தியேட்டர் கட்டினாங்க. விருதுப் பட்டியலை இதோட விட்டுடுறேன்.

இப்போ நம்ம விஷயத்துக்கு வர்றேன். தொழில் மாறுறது என்றால் என்னமோ படிச்சவங்க பண்ற காரியம்னு நெனக்கிறோம். தென்காசிப் பொம்பளை வருஷத்துக்கு நாலு தொழில் மாறுறா. ஆனி, ஆடியில சாரல் விழுந்தா குற்றாலத்துல கடையில நிக்கிறா, மெஸ்ஸுல இட்லி ஊத்துறா. சீசன் முடிஞ்சா நடவு, களையெடுப்பு. அது இல்லாதப்போ நூறு நாள் வேலை. எல்லாத்துக்கும் நடுவுல மடியில பீடித் தட்டு. பத்தாம் வகுப்பு முடிச்ச கையோட எனக்கும் தட்டைத்தான் கொடுத்தாங்க. இலையை நனைச்சு, வெட்டி, தூளை வச்சு, சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் எண்ணி முடிக்கிறதுக்குள்ள கழுத்து பிடிச்சுக்கும். இப்போ அந்த வேலையும் முன்ன மாதிரி இல்ல. இலை குறைச்சுப் போடுறாங்க, வாரத்துல சில நாள் வேலையே கிடையாது. அடுத்து என்னன்னு இங்கே எல்லாருக்கும் ஒரு பயம் இருக்கு. எனக்கும் இருக்கு.

சுந்தராம்பாள் அம்மா கையில கடைசி வரைக்கும் ஒரே சரக்குத்தான், குரல். ரயில், நாடகம், சினிமா, அரசியல் மேடை, கச்சேரின்னு கடை மட்டும் மாறிக்கிட்டே இருந்தது. நம்ம கையிலயும் சரக்கு இருக்கு. பீடி சுத்தின விரலுக்கு வேகமும் எண்ணிக்கையும் தெரியும். சீசன்ல கடை பார்த்தவளுக்கு ஆளைப் பார்த்தே விலை சொல்லத் தெரியும். கூடை முடையவோ, தையலுக்கோ, மாவு அரைச்சு விக்கவோ கடன் கேட்டு வர்றவளை ‘உனக்கு இது தெரியுமா’ன்னு கேக்கிறதுக்கு முன்னாடி, இது வரைக்கும் அவ என்ன செஞ்சான்னு கேளுங்க. கடன் மனு எழுதும்போது அதையும் ஒரு வரி சேத்து எழுதணும்னு நான் கேட்டுக்கிறேன்.

இன்னொண்ணும் இருக்கு. அதுக்காகத்தான் இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன்.

எங்க குழுவுல ஒரு அக்கா இருக்காங்க. வீட்டுக்காரர் தவறி ஆறு வருஷம் ஆச்சு. பீடி சுத்தினாங்க, சீசனுக்கு மெஸ்ஸுல பாத்திரம் தேய்ச்சாங்க, இப்போ குழுக் கடன்ல கிரைண்டர் வாங்கி மாவு விக்கிறாங்க. ஒரு தவணை தப்பினது கிடையாது. வெள்ளிக்கிழமை விரதம் இருந்து செவ்வாய்க்கிழமை வரவு செலவு எழுதுற ஆள். ஆனா நம்ம விழாவுல குத்துவிளக்கு ஏத்தும்போது மட்டும் தூணுக்குப் பின்னால போயிருவாங்க. யாரும் போகச் சொல்லல. யாரும் வரச் சொல்லவும் இல்ல. நிகழ்ச்சி நிரல் எழுதினப்போ விளக்கேத்த நான் அவங்க பேரைச் சொன்னேன். ‘நல்ல காரியத்துல எதுக்கு’ன்னு ஒரு குரல் வந்தது. பேர் எழுதாமலே பேப்பர் மடிச்சாச்சு.

சுந்தராம்பாள் அம்மா வெள்ளைச் சேலை கட்டினது அவங்க இஷ்டம். அதை நான் பெருமையா சொல்றதால, நீங்களும் கட்டுங்கன்னு சொல்றதா யாரும் எடுத்துக்க வேண்டாம். பூ வைக்கணும்னு நெனச்சா வைங்க, பொட்டு வைங்க. நான் சொல்ல வந்தது வேற. அதே வெள்ளைச் சேலையோட அவங்க முருகன் சந்நிதியில பாடினப்போ அபசகுனம்னு யாரும் எழுந்து போகல. கூட்டம் கூட்டமா வந்து கேட்டாங்க. இன்னைக்கும் கல்யாண வீட்டுல, கும்பாபிஷேகத்துல, கொடியேத்தத்துல அந்தக் குரலைத்தான் முதல்ல போடுறோம். ஸ்பீக்கர்ல வந்தா மங்கலம், பக்கத்து வீட்டுல இருந்து நடந்து வந்தா ஆகாதா?

தலைவி அக்காவுக்கு ஒரு வேண்டுகோள். இன்னைக்குத் தீர்மான நோட்டுல ஆறாவது தீர்மானமா இதை எழுதுங்க: கூட்டமைப்பு விழாக்களில் குத்துவிளக்கு ஏற்ற உறுப்பினர்களைக் குழு வரிசைப்படி அழைக்க வேண்டும், திருமணமானவர், ஆகாதவர், கணவரை இழந்தவர் என்று பார்க்கக் கூடாது. முன்மொழிய நான் இருக்கேன். வழிமொழிய ஒரு ஆள் வேணும். வாக்கெடுப்பு வேணும்னா வச்சுக்கலாம், எனக்குச் சம்மதம்.

வரிசைப்படி அடுத்த விழா எங்க குழு முறை. மாவுக் கடை அக்கா மூணாவது வரிசையில, பச்சைச் சேலையில உட்கார்ந்திருக்காங்க. திரும்பிப் பாக்காதீங்க, எழுந்து போயிருவாங்க. கையை மட்டும் தூக்குங்க.