பூமாரி யாருக்கு வேண்டும்?

(நந்தனம் கூட்டத்தில் பேசியது)



இந்த நந்தனத்துக்கு அடுத்த தேனாம்பேட்டையில், மருத்துவ இயக்ககத்து வளாகத்தில், 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கான ஒப்பந்த நர்சுகள் தரையில் உட்கார்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2015-ல் பரீட்சை எழுதித் தேறி வேலைக்கு வந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய்!

சம்பளம் ஒருபுறம் கிடக்கட்டும். ஒரு வார்டு முழுவதையும் ஒரே நர்சு பார்த்தால், யாருக்கு எப்போது என்ன செய்யவேண்டுமென்று அந்த அம்மாளுக்குத் தெரியும். ஆனால் செய்ய முடியாது. தெரிந்தும் செய்யமுடியாத இந்த மன வேதனைக்கு ஆண்ட்ரூ ஜேம்டன் என்னும் அமெரிக்கர் 1984-லேயே தனிப் பெயர் வைத்து எழுதியிருக்கிறார்.

டாக்டரிடம் சொல்லலாமே என்பீர்கள். மருந்துச் சீட்டில் தவறு கண்டு நர்சு வாய் திறந்தால், "எனக்குச் சொல்ல நீ யார்?" என்கிறார் டாக்டர். (எல்லோரையும் நாம் சொல்லவில்லை.) இது வருணாசிரமத்தின் குரலா, வைத்தியத்தின் குரலா? அந்த டாக்டரும் தம் மேலதிகாரி முன் கைகட்டித்தான் நிற்கிறார். நடுவில் சாகிறவன் நோயாளி.

கொரோனாக் காலத்தில், 2020 மே 3-ந் தேதி, ஆகாய விமானப் படையை விட்டு ஆஸ்பத்திரிகள்மேல் பூத் தூவினார்கள். புராணத்துத் தேவர்கள் செய்யும் வேலை! "தேவதை" என்ற பட்டம் வேறு. தேவதைக்குப் பசியில்லை, தூக்கமில்லை, எதிர்த்துக் கேட்கும் வாயுமில்லை. பட்டம் கொடுப்பதன் இரகசியம் அதுதான்.

நாம் கேட்பது பூவல்ல. ஒவ்வொரு வார்டிலும் எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்சு என்று எல்லோரும் பார்க்கப் பலகையில் எழுதி மாட்டுங்கள். தவறைச் சுட்டிய நர்சை வேறு ஊருக்கு மாற்றாதீர்கள்.