கையெழுத்துக்கும் காலக்கெடு உண்டு



மாணவ மாணவியரே, அடி அண்ணாமலையில் இன்று நீங்கள் வாங்கும் சான்றிதழ் ஆயுளுக்கும் உங்களுடையது. இனி வாங்கப்போகும் விமானப் பராமரிப்புப் பொறியாளர் லைசென்ஸ் அப்படியல்ல. அதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

இந்தியாவின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் சி.ஏ.ஆர். 66 விதிப்படி, லைசென்ஸ் கையில் இருந்தால் மட்டும் போதாது. கடந்த இரண்டு ஆண்டுகளில் ஆறு மாதமாவது பராமரிப்பு வேலை பார்த்திருந்தால்தான் விமானத்தைப் பறக்க விடுவிக்கும் சான்றில் கையெழுத்துப் போடலாம். அமெரிக்காவில் ஆய்வு அதிகாரம் பெற்ற மெக்கானிக்கின் அனுமதி ஒவ்வோர் ஒற்றைப்படை ஆண்டிலும் மார்ச் 31 அன்று முடிந்துவிடும். ஆண்டுதோறும் ஆய்வு செய்த கணக்கு, எட்டு மணி நேரப் பயிற்சி போன்ற ஏதாவது ஒன்றைக் காட்டித்தான் அதைப் புதுப்பிக்க முடியும். ‘இத்தனை வருஷ சர்வீஸுக்குப் பிறகும் சோதனையா?’ என்று சில மூத்தவர்களுக்கு வருத்தம் வரும். எனக்கு இந்த விதிகள்மேல் மரியாதைதான்.

ஏன் என்று சொல்கிறேன். 1990 ஜூன் 10 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து கிளம்பிய பி.ஏ.சி. 1-11 விமானம் 17,300 அடி உயரத்தில் இருந்தபோது, விமானி அறைக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடல் வெளியே. ஊழியர்கள் அவர் காலை விடாமல் பிடித்துக்கொள்ள, துணை விமானி விமானத்தைச் சவுத்தாம்ப்டனில் இறக்கினார். எல்லோரும் பிழைத்தார்கள்.

அந்தக் கண்ணாடியை மாற்றியவர் கற்றுக்குட்டி அல்ல; ஷிப்ட் மேலாளர், நல்ல பெயர் எடுத்தவர். ஆள் போதவில்லை என்று பின்னிரவில் தானே வேலையில் இறங்கினார். உதிரிபாகக் கேட்டலாக்கைப் புரட்டவில்லை. ஸ்டோர்காரர் சரியான அளவைச் சொல்லியும், கழற்றிய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டே புதியதை எடுத்தார். கழற்றியதே தவறான அளவு! மாட்டிய 90 போல்ட்டில் 84, விட்டத்தில் 0.66 மில்லிமீட்டர் குறைந்தவை. இன்னொருவர் சரிபார்க்க வேண்டிய வேலைகளின் பட்டியலில் விமானி அறைக் கண்ணாடி அன்று இல்லை. அனுபவமே அவரை அவசரப்படுத்தியது என்பேன். இரண்டாவது கண் வேண்டும், பயிற்சி திரும்பத் திரும்ப வேண்டும் என்று விதி கேட்பது இதனால்தான்.

பௌர்ணமிதோறும் இந்த ஊர் வழியாக அண்ணாமலையைச் சுற்றி நடப்பவர்களில் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் மீனம்பாக்கத்தில் வந்து இறங்கியவர்கள் உண்டு. ராத்திரி ஹேங்கரில் யார் கையெழுத்துப் போட்டார் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. உங்களை நம்பித்தான் ஏறுகிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்ததும் மூத்தவர் “போதும்ப்பா, போடு” என்பார். “ஒரு நிமிஷம் சார், மேனுவலைப் பார்த்துடறேன்” என்று சொல்லுங்கள். விமானம் தாமதமானால் ஆகட்டும். லாக்புக்கை முதல் நாளிலிருந்தே எழுதுங்கள்: எந்த விமானம், என்ன வேலை, யார் மேற்பார்வை. அன்றன்று எழுதி அன்றன்றே மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அதைக் கேட்பார்கள்.