பிள்ளைபெற்ற தாய்மாரும் சுவாச நோயும்

 

1918-ஆம் வருஷத்து விஷசுரமும், 2009-ஆம் வருஷத்துப் பன்றிக் காய்ச்சலும், 2021-ஆம் வருஷத்துக் கொரோனாவும் கர்ப்பிணிகளையும் மிகுதியாய் வாட்டின. கருப்பை மேலெழும்பி நுரையீரலை நெருக்குவதும் அதற்கொரு காரணம். பிரசவித்த பின்னரும் இரண்டு வாரம்வரை இவ்வபாயம் முற்றும் நீங்குவதில்லை.

நம் இல்லங்களிலோ, பிள்ளைபெற்றவள் மூச்சு வாங்கினால், “பச்சையுடம்பின் அசதி” என்று கஷாயங் கொடுத்து, தீட்டுக் கழியட்டுமெனக் காத்திருக்கிறோம். அத்தாமதமே உயிரைக் கொள்ளுகிறது.

மேலூராயினும் உசிலம்பட்டியாயினும், மூச்சுத் திணறல் கண்டவுடன் 108 வண்டியை அழைத்து, மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பிராணவாயுவும், வேண்டின் செயற்கைச் சுவாசக் கருவியும் உண்டு. சிசுவுக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சியும் புகட்டலாம்.

தீட்டுப் பத்துநாளில் கழியும். போன தாய் மீளாள். இதனை ஒவ்வொரு குடும்பமும் சிந்திக்குமாறு வேண்டி அமர்கின்றேன்.