படியெடுத்தலும் அழித்தலும்



சேலத்திற்குத் தெற்கே, ஜருகுமலையையும் போதமலையையும் கண்ணெதிரே கொண்டு விளங்கும் ஊர் பனமரத்துப்பட்டி. ஒரு காலத்தில் சேலம் நகரத்தாருக்குக் குடிநீர் ஈந்த பெரிய ஏரி இவ்வூரில் உண்டு. ஊரின் பெயரிலேயே பனைமரம் நிற்கிறது. பனை நமக்கு நுங்கும் பதநீரும் மட்டுமா தந்தது? ஓலையும் தந்தது. அச்சுப்பொறி வருமுன் தமிழன் தன் அறிவையெல்லாம் எழுதி வைத்த இடம் அந்த ஓலைதான். ஆகவே, எழுதியதைக் காப்பது எப்படி என்ற கேள்வியைப் பனைமரத்தின் பெயர் தாங்கிய ஊரிலிருந்து ஒருவன் கேட்பது பொருத்தமே ஆகும்.

ஓலைச் சுவடி பல தலைமுறை தாங்கும். ஆயினும் என்றென்றும் தாங்காது. பூச்சி அரிக்கும், ஈரம் கெடுக்கும், ஓரம் முறியும். ஆதலால் நம் முன்னோர் ஒரு முறையை வகுத்துக்கொண்டார்கள். ஏடு பழுதாகத் தொடங்கியதும் புதிய ஏட்டில் அதனைப் படியெடுப்பார்கள். பின்னர்ப் பழைய ஏட்டை ஆடிப்பெருக்கு நாளில் ஆற்றுநீரில் விடுவார்கள். படியெடுத்தல் முன், அழித்தல் பின். இவ்விரண்டும் சேர்ந்தே ஒரு முறை. காலம் செல்லச் செல்ல முன்பாதியை மறந்து பின்பாதியை மட்டும் பற்றிக்கொண்டவர்கள் பலர். கரிவலம்வந்தநல்லூருக்குச் சுவடி தேடிச் சென்றபோது, அங்கிருந்த பழைய ஏடுகள் நெருப்பில் இடப்பட்ட செய்தியைக் கேட்டு மனம் துடித்ததை டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். அப்பெரியார் ஊர் ஊராய் அலைந்து எஞ்சிய படிகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பதிப்பித்தார். 1887-இல் சீவக சிந்தாமணியும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் அவ்வாறே நம் கைக்கு வந்தன.

இவ்வளவும் பழங்கதை, கணினிக் காலத்தில் நமக்கென்ன என்று நீங்கள் கேட்கக்கூடும். கணினியிலும் கதை இதுவே. அதனை நான் நூலில் படித்து அறிந்தேனல்லேன், இழந்து அறிந்தேன். அந்த இழப்பைச் சொல்லவே இன்று உங்கள்முன் வந்துள்ளேன்.

கணினியில் செய்தியைச் சேமிக்கும் வன்தட்டு 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தாரால் வெளியிடப்பெற்றது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்ட அந்தப் பெரும்பொறியில் 50 லட்சம் எழுத்துகளே அடங்கின. யூனிக்ஸ் என்னும் இயக்குமுறை 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரால் தொடங்கப்பெற்றது. 1982-இல் தோன்றிய சன் நிறுவனத்தார் அம்முறையில் இயங்கும் பணிநிலையக் கணினிகளைச் செய்தார்கள். வெற்றிலைப் பெட்டியைப் பெரிதாக்கினாற்போன்ற தட்டையான சதுர உருவில் 1989-இல் அவர்கள் வெளியிட்ட ஸ்பார்க் ஸ்டேஷன் ஆராய்ச்சிக் கூடங்களில் பெருமதிப்புப் பெற்றிருந்தது.

அத்தகைய பழைய பெட்டியொன்று 2003-ஆம் ஆண்டில் எனக்குக் கிடைத்தது. என்னிடம் படித்துப் பெங்களூரில் பொறியாளனாகிவிட்ட மாணவன் ஒருவன், அலுவலகத்தில் கழித்துக் கட்டியதை விலைக்கு வாங்கி, “ஐயா, இது கிழப்பொறிதான், ஆனால் உழைக்கும்” என்று கொண்டுவந்து வைத்தான். தமிழுக்குத் திஸ்கி முறையிலான எழுத்துருவையும் அவனே அமைத்துத் தந்தான்.

அக்காலத்தில் நானும் என் வகுப்புப் பிள்ளைகளும் சுற்றுப்புறச் சிற்றூர்களில் பாடல்கள் திரட்டிக்கொண்டிருந்தோம். தாலாட்டு, நடவுப்பாட்டு, ஒப்பாரி எனப் பாட்டிமார் வாயிலிருந்து வந்ததை அவ்வாறே எழுதி வரும்படி பிள்ளைகளை ஏவினேன். மலையடிவாரத்து மூதாட்டி ஒருவர் மட்டும் அறுபதுக்கு மேற்பட்ட பாடல்கள் சொன்னார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. “நான் போனால் இதுவும் போகும், எழுதிக்கோ சாமி” என்று அவர் சொன்னது இன்றும் என் காதில் ஒலிக்கிறது. நோட்டுப் புத்தகங்களில் இருந்ததையெல்லாம் மாலைதோறும் கணினியில் ஏற்றினேன். ஏற்றி முடித்ததும், வேலை முடிந்ததென்று அந்த நோட்டுகளைப் பழைய தாள் வாங்குபவரிடம் போட்டுவிட்டேன். நெருப்பில் ஏட்டை இட்டவர்களைக் குறைகூற எனக்கு என்ன தகுதி?

இரண்டாண்டு கழிந்தது. வன்தட்டு ஒருநாள் கரகரவென்று இரைந்தது. சில கோப்புகளைப் படிக்க இயலாமல் தடுமாறியது. தட்டைத் துடைத்துப் புதிதாய் வடிவமைத்தால் பழுதான பகுதிகளை ஒதுக்கிவிடலாம் என்று அறிந்தேன்.

வடிவமைத்தல் என்றால் என்ன? வெறுங்காட்டைக் கழனியாக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் தட்டு முழுவதும் வட்ட வட்டமாய்த் தடங்களும், தடத்துள் பாத்திகளும் வகுக்கப்படுகின்றன. இது வரப்புக் கட்டுதல். கெட்ட பாத்திகளின் பட்டியல் தனியே குறிக்கப்படுகிறது. இது களர்நிலத்தை ஒதுக்குதல். பின்னர்த் தட்டு சில பிரிவுகளாகப் பங்கிடப்படுகிறது, இது பாகப்பிரிவினை. இறுதியில் எந்தக் கோப்பு எந்தப் பாத்தியில் உள்ளது என்று குறிக்கும் பதிவேடு ஒவ்வொரு பிரிவிலும் எழுதப்படுகிறது; இது பட்டா வழங்குதல். இப்பதிவேட்டின் தலைப்பக்கம் கெட்டால் எல்லாம் கெடும். ஆகையால் அம்முறையை வகுத்த அறிஞர்கள் தலைப்பக்கத்தின் படிகளைத் தட்டின் பல இடங்களில் வைத்தார்கள். முதற்படி 32-ஆம் கட்டத்தில் இருக்கும். காப்புப்படியின் அருமையைப் பொறியே அறிந்திருந்தது. பொறியை ஆண்ட நான் அறிந்திலேன்.

வடிவமைக்குமுன் எல்லாவற்றையும் நாடாவில் படியெடுக்க வேண்டும். யூனிக்ஸில் அதற்கு ‘டார்’ என்றொரு கட்டளையும், ‘டம்ப்’ என்று மற்றொரு கட்டளையும் உண்டு. நான் ‘டார்’ கொண்டு நாடாவில் எழுதினேன். நாடா ஓடியது, நின்றது. பிழையென்று ஒரு சொல்லும் திரையில் வரவில்லை. வேலை சரியாக நடந்தால் வாய் திறவாதிருப்பது யூனிக்ஸின் இயல்பு. மௌனம் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். எனினும் ஓர் எச்சரிக்கைக்காக நாடாவில் உள்ள பெயர்ப்பட்டியலை வரவழைத்துப் பார்த்தேன். ‘பாட்டு’ என்ற பெயர் அதில் இருந்தது. மனநிறைவு கொண்டேன்.

தான் அமர்ந்துள்ள கிளையைத் தானே வெட்ட இயலாது. ஆதலால் கணினியைக் குறுந்தட்டிலிருந்து எழுப்பி, வன்தட்டு முழுவதையும் வடிவமைக்கக் கட்டளையிட்டேன். பதிவேட்டை மட்டும் புதிதாய் எழுதியிருந்தால், பட்டா மாறினாலும் மண் மாறாதது போல், பழைய எழுத்துகள் அடியில் கிடந்திருக்கும். வல்லவர் எவரேனும் மீட்டிருக்கலாம். நானோ வரப்பை அழித்து, ஒவ்வொரு பாத்தியிலும் எழுதிப் பார்க்கும் சோதனையையும் நடத்தினேன். அஃதாவது, பட்டாவை மாற்றியதோடு நில்லாமல் நிலத்தை உழுதும் விட்டேன்.

நாடாவிலிருந்து எல்லாம் திரும்பின. ‘பாட்டு’ என்ற பெயரும் வந்தது. திறந்தேன்; உள்ளே ஒன்றுமில்லை.

காரணம் பின்னரே விளங்கிற்று. முதற்பிரிவில் இடம் போதாமையால், என் மாணவன் முன்னொரு நாள் பாடல்களை வேறொரு பிரிவிற்கு மாற்றிவிட்டு, பழைய இடத்தில் ‘அங்கே பார்’ என்று ஒரு கைகாட்டியை மட்டும் நட்டிருந்தான். யூனிக்ஸில் இது வழக்கமான ஏற்பாடே, அவன்மீது குற்றமில்லை. நான் படியெடுத்தது முதற்பிரிவை மட்டும். ‘டார்’ கட்டளை கைகாட்டியைக் கைகாட்டியாகவே படியெடுத்தது. அது சுட்டிய ஊரைப் படியெடுக்கவில்லை. கட்டளை பொய் சொல்லவில்லை, நாடா பழுதாகவில்லை. நான் பெயரைப் பார்த்துப் பொருள் இருப்பதாக எண்ணினேன். திறந்து ஒரு பாடலைப் படித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நான் செலவிடவில்லை.

மூதாட்டியிடம் மீண்டும் போகலாம் என்று நினைக்கிறீர்களா? அவர் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகியிருந்தார்.

ஆயினும் முழுவதும் போகவில்லை. பாடல் திரட்டிய மாணவிகளுள் ஒருத்தி, என்னிடம் நோட்டைத் தருமுன் தனக்குப் பிடித்த 11 பாடல்களைத் தன் வீட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அவள் தாயார் பால் கணக்கு எழுதிவந்த நோட்டு அது. முன்பக்கங்களில் பால் கணக்கு, பின்பக்கங்களில் தாலாட்டு. அந்த 11 பாடல்களே எஞ்சின. நான் கணினியில் வைத்தது அழிந்தது. அவள் ஆசையால் எழுதி வேறிடத்தில் வைத்தது நின்றது.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 1998-இல் அமெரிக்காவின் பிக்ஸார் படப்பிடிப்பகத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் படத்தின் கோப்புகள் தவறாக இடப்பட்ட ஒரு யூனிக்ஸ் அழிப்புக் கட்டளையால் மறைந்தன. காப்புப்படியை நாடினார்கள், அதுவும் சரியாக அமையவில்லை. அங்குப் பணிபுரிந்த கேலின் சஸ்மன் என்னும் அம்மையார், கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தே வேலை செய்யும்பொருட்டு ஒரு படியைத் தம் வீட்டுக் கணினியில் வைத்திருந்தார். அப்பொறியைப் போர்வைகளில் பொதிந்து காரில் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது. அங்கும் காத்தது வேறிடத்தில் இருந்த படியே.

வேறிடத்துப் படி இல்லாதபோது நேர்வதையும் தமிழுலகம் கண்டது. 1981-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாளிரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படியில்லாதவை இனி எந்த நாளும் திரும்பா. இதற்கு மாறாக, செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள், அவர் மறைந்தபின் சிதறிப்போகாமல் சிகாகோப் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காக்கப்பெற்று, 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. நுண்படச் சுருள்களிலும் படியெடுக்கப்பெற்றன. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த டாக்டர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் தலைமையில், பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றித் தட்டெழுதிய நூல்களை உலகெங்கும் பரப்பிற்று. தொடக்கத்தில் திஸ்கியில் இருந்த அந்நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பெற்றன. இது மிக முக்கியம். எழுத்துமுறை வழக்கொழிந்தால் கோப்பு அழியாதிருந்தும் படிக்க இயலாது. கிரந்த எழுத்து அறியாதவன் கையில் கிடைத்த கிரந்தச் சுவடி போன்றது அது.

மாணவ நண்பர்களே, நான் விலை கொடுத்துக் கற்றவற்றை உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன். எதனையும் அழிக்குமுன் படியெடுங்கள். எடுத்த படியை வேறொரு பொறியில் இறக்கி, திறந்து, படித்து, மூலத்தோடு ஒப்பிடுங்கள். திறந்து பாராத படி, படியே அன்று. கணினித் துறையினர் 3-2-1 என்றொரு விதி சொல்வர்: மொத்தம் 3 படிகள், 2 வகைப் பொருள்களில், அவற்றுள் 1 வேறிடத்தில். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பொறிக்கும் புதிய எழுத்துமுறைக்கும் அவற்றை மாற்றுங்கள். இவையெல்லாம் முடிந்த பின்னரே வடிவமைக்கும் கட்டளையில் கை வையுங்கள்.

இன்று உங்கள் கையில் உள்ள செல்பேசி, என் பழைய பெட்டியைப்போல் பல நூறு மடங்கு கொள்ளும். அதில் உங்கள் பாட்டியின் குரலைப் பதிந்துகொள்ளுங்கள். பதிந்ததை இன்றிரவே ஒருமுறை கேட்டும் பாருங்கள். மலையடிவாரத்து அம்மூதாட்டி என்னை நம்பித் தந்த பாடல்களில் 11 போக மற்றவற்றை நான் உங்களுக்குத் தர இயலாதவனாய் நிற்கிறேன். நாளை உங்கள் மாணவர்முன் நீங்கள் அவ்வாறு நிற்க வேண்டாம்.