சட்டி அடுப்பில் ஏறட்டும்

நடுவர் அவர்களே,

தீபாவளிப் பலகாரத்தை வீட்டில் கூடிச் சுடுவதா, கடையில் வாங்குவதா? வீட்டில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் மணப்பாறை முறுக்கைத் தூக்கிக் காட்டினார். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நானும் மகிழ்ந்தேன். பாதி வேக்காட்டில் எடுத்து, ஆறவிட்டு, மறுபடி எண்ணெயில் போட்டு எடுக்கிறார்களே, அந்தப் பக்குவம் எப்படி வந்தது? பெரியவர்கள் செய்ய, பிள்ளைகள் பக்கத்தில் இருந்து பார்த்துக் கைப்பழக்கமாக வந்தது. வருஷம் முழுக்க வாங்குவோம், அவர்கள் தொழில் செழிக்கட்டும். நான் கேட்பது தீபாவளிக்கு முந்தின அந்த ஒரு நாளை.

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். அதிரசம் என்றால் அப்பத்தா கைதான். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுசாகப் போகுமுன் இடித்துச் சலிப்பார். வெல்லப் பாகு கொதிக்கும்போது ஒரு சொட்டைக் கிண்ணத் தண்ணீரில் விட்டு விரலால் திரட்டுவார். உருட்டினால் உருள வேண்டும், அமுக்கினால் அமுங்க வேண்டும். அதற்குக் கணக்கு ஏது? விரல்தான் கணக்கு.

அப்பத்தா இறந்த வருஷம் எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. மறு வருஷம் அம்மாவும் சித்தியும் பாகு காய்ச்சினார்கள். மாவு பிசைந்து, ஒன்றைத் தட்டி எண்ணெயில் போட்டுப் பார்த்தால், பிரிந்து சட்டியெங்கும் பரவிவிட்டது. சித்தி அழுதேவிட்டார். அப்போது பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தார். "புதுசா வெல்லத்தைப் போடும்மா, நான் பதம் பாக்குறேன்" என்றார். அப்பத்தாவுக்குப் பெண்பிள்ளை கிடையாது. மூத்த மகனைத்தான் கிண்ணத் தண்ணீரோடு பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார். 40 வருஷம் கழித்தும் அவர் விரல் மறக்கவில்லை. அந்த மாவு 2 நாள் புளித்து, முந்தின இரவு சுட்டு, விடியலில் அப்பத்தா படத்துக்கு முன்னால் படைத்தபோது வீட்டில் யாருக்கும் பேச்சு வரவில்லை. எந்தக் கடையில் வாங்கி வந்து வைத்திருந்தாலும் அந்த நிமிஷம் எங்களுக்குக் கிடைத்திருக்காது ஐயா.

எதிரணி அம்மையார் ஒன்று சொன்னார், இந்த ஒரு நாள் பெண்களின் இடுப்பை ஒடிக்கிறது என்று. உண்மை. மறுக்க மாட்டேன். என் அம்மா நடுச்சாமம் வரை எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுவிட்டு, கோழி கூவுமுன் எழுந்து எல்லார் தலையிலும் எண்ணெய் வைத்தவர். அவர் எப்போது உட்கார்ந்தார் என்று நான் கேட்டதே இல்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. அம்மையாரே, அடுப்பை அணைத்தால் அம்மாவுக்கு ஓய்வு கிடைக்கும். வீட்டு ஆண்கள் மாவு பிசைந்தாலும், அச்சைப் பிடித்துப் பிழிந்தாலும் அதே ஓய்வு கிடைக்குமே! எங்கள் பெரியப்பா உட்கார்ந்தாரே! முறுக்கு என்றால் 4 பங்கு அரிசி மாவுக்கு 1 பங்கு உளுந்து மாவு. இதைக் கற்க ஒரு சாயங்காலம் போதும்.

நேரமில்லை என்கிறார்கள். முழுப் பலகாரமும் வேண்டாம், முறுக்கு ஒன்று போதும். ஒருவர் துணியில் பிழிய, ஒருவர் எண்ணெயில் விட, ஒருவர் அரிகரண்டியால் எடுக்க, 3 பேர் அலைபேசியைத் தொட முடியாமல் ஒரே இடத்தில் இருப்பார்கள். பேசாமல் இருந்த மாமனும் மச்சானும் எங்கள் வீட்டில் அப்படித்தான் பேசினார்கள், "எண்ணெய் காஞ்சிருச்சா பாருய்யா" என்று. அடுத்த வீட்டுப் பாய் குடும்பத்துக்குத் தட்டு போகும். அந்தத் தட்டு ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை.

பெரியப்பாவுக்கு இப்போது 76 வயது, கை நடுங்குகிறது. போன வருஷம் பாகை அவர் விரலால் திரட்டவில்லை. என் மகன் திரட்டி அவர் உள்ளங்கையில் வைத்தான். அமுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு கொதி விடு" என்றார்.