ஈரலுக்கு இதயம் இடும் கட்டளை

மனித முளையத்துக்கு நான்காவது வாரம் நடைபெறுகையில், அதன் முன்குடற் சுவரிலே சிறியதொரு மொட்டு அரும்புகின்றது. வளர்ந்தோர் உடலில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் நிறைகொள்ளும் ஈரலின் தொடக்கம் அதுவே. அச்சுவரில் ஒன்றுபோலவே தோன்றும் கலங்கள் பல உள்ளன. அவற்றுட் சில மட்டும் ஈரலாவது எங்ஙனம்?

விடை வியப்புக்குரியது. அருகே உருவாகிவரும் இதயமே அதற்குக் கட்டளையிடுகின்றது. பிரான்சு நாட்டு விஞ்ஞானி நிக்கோல் லெ துவாரின் அம்மையார் கோழி முளையங்களை ஆராய்ந்து இவ்வுறவைப் புலப்படுத்தினார்.

கலங்கள் வாய்திறந்து பேசுவதில்லை. ஒரு கலம் சுரக்கும் புரதம், பூட்டினுள் திறப்புப் பொருந்துவதுபோல, அயற்கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியிற் பொருந்துகின்றது. உடனே உள்ளேயுள்ள மூலக்கூறுகள் ஒன்றையொன்று தூண்ட, செய்தி கைமாறிச் சென்று கலத்தின் கருவை அடைகின்றது. அங்கே உறங்கிக் கிடந்த பரம்பரையலகுகள் சில விழிக்கின்றன. சுண்டெலியில் இதயம் அனுப்பும் செய்தி, வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்களுள் ஒரு வகையே என அமெரிக்காவில் கென்னத் சாரெட் குழுவினர் 1999இல் அறிவித்தனர். அச்செய்தி எட்டாவிடில், அதே சுவரின் கலங்கள் ஈரலாகாது சதையியாகின்றன! அயலவர் சொல்லால் வாழ்வு திசைமாறுவது மனிதருக்கு மட்டும் உரியதன்று போலும்.

செய்தி பின்னர் பழுதுபட்டாலும் கேடுண்டு. ஈரலினுள் பித்தக்கான்கள் அமைவதற்கு ‘நொட்ச்’ என்னும் வேறொரு செய்திவழி வேண்டும். அதன் பரம்பரையலகு ஒன்று பழுதுபடுவதே ‘அலாஜில்’ நோய்க்குக் காரணம் என்பது 1997இல் வெளியாயிற்று. இந்நோயுற்ற குழந்தைகள் பலருக்குப் பித்தக்கான்கள் குறைவு. பித்தம் தேங்கிக் கண்ணும் தோலும் மஞ்சளாகும். ஓயாத தினவு உறக்கத்தைக் கெடுக்கும். பிறந்த குழந்தைகளிற் பலருக்குச் செங்கமாரி தோன்றித் தானே மறைவது உண்மையே. எனினும் இரு வாரங் கடந்தும் அது நீடிக்குமாயின், அல்லது மலம் வெளிறிக் காணப்படுமாயின், காரணம் எதுவாயினும் மருத்துவரிடம் காட்டத் தாமதித்தலாகாது.

இக்கலங்களின் உரையாடலைக் கிண்ணத்தினுள்ளும் நிகழ்த்த முயல்கின்றனர். யோக்கோகாமா நகரில் தக்கனோரி தக்கேபே குழுவினர், ஈரலாகத் தலைப்பட்ட மனிதக் கலங்களுடன் குருதிக்கலன்களின் உட்சுவர்க் கலங்களையும் இணைப்பிழையக் கலங்களையும் சேர்த்து வளர்த்தனர். அவை தாமே திரண்டு சிறு ஈரல் மொட்டுக்களாயின. சுண்டெலியின் உடலிற் பதித்தபோது அதன் குருதியோட்டத்துடன் இணைந்து பணியாற்றின. 2013இல் வெளியான செய்தி இது. மாற்றீரலுக்குக் காத்திருப்போர்க்கு இம்மொட்டுக்கள் இன்னும் வழமையான சிகிச்சையாகவில்லை, ஆய்வு தொடர்கின்றது.